உள்தடத்தில் மாட்டிக்கொண்டவள்

இசக்கியம்மாளுக்குக் கால் எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே கேள்வி கேட்பாள். அவளுடைய பயிற்சியாளர் சலேத்மேரிக்கு அதில் எரிச்சலும் உண்டு, உள்ளூரச் சந்தோஷமும் உண்டு. குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். சலேத்துக்கு முப்பதுகூட ஆகவில்லை. முழங்கால் போனதால் ஓட்டத்தை விட்டவள்.

இருவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி சர்வதேச ஜூனியர் தடகளப் போட்டிக்கு வந்திருந்தார்கள். பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். பதக்கம் வாங்கினால் தேசிய முகாமில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பழையபடி ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில்தான் ஓட்டம்.

ஊரில் இசக்கி ஓடினால் அவளுக்கு முன்னால் ஆளே இருக்காது. இங்கே தகுதிச் சுற்றிலேயே விழி பிதுங்கிவிட்டது. இடப்பக்கம் உள்கோடு, அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. முன்னால் ஒருத்தி, வலப்பக்கம் தோளை ஒட்டி இன்னொருத்தி. தெம்பு இருந்தும் போக வழியில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசி ஆளாக இறுதிச் சுற்றுக்குத் தேறினாள்.

"அப்படி மாட்டிக்கிட்டா எப்படிக்கா வெளிய வர்றது?"

சலேத் சுற்றுமுற்றும் பார்த்தாள். தங்கியிருந்த விடுதியின் நடையில் தரை துடைக்கிறவர்கள் விட்டுப்போன தள்ளுவண்டி ஒன்று நின்றது. இசக்கியைச் சுவரோரம் நிறுத்தி, வண்டியை அவளுக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். தான் வலப்பக்கம் ஒட்டி நின்றாள்.

"வாட்டி வெளிய."

இசக்கி முழங்கையால் இடித்தாள்.

"இடிச்சா உன்னைய ஓட்டத்துலேர்ந்தே தூக்கிருவாங்க."

வண்டியைத் தள்ளப் பார்த்தாள்.

"அதுவும் இடிதான்."

இசக்கி முழித்தாள். பிறகு "அட!" என்று சிரித்தபடி ரெண்டு எட்டு பின்னால் வைத்து, சலேத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள்.

"இதுதானாக்கா?"

"பசிக்குது. சாப்பிடப் போவோம்" என்றாள் சலேத்.

இறுதிச் சுற்றில் கடைசி வட்டத்துக்கு மணி அடித்தபோது இசக்கி மூன்றாவதாக உள்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒருத்தி அடைத்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் பச்சைச் சட்டை போட்ட நெட்டைக்காரி. இசக்கி வேகம் எடுத்தால் அவளும் எடுத்தாள், குறைத்தால் குறைத்தாள். இசக்கிக்கு விடுதி நடை ஞாபகம் வந்தது. துணிந்து பின்வாங்கினாள். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகப் பாய்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து பச்சைச் சட்டைக்காரி முன்னால் விலகிப் போனாள். வழி பளிச்சென்று திறந்தது. இசக்கிக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்த மஞ்சள் சட்டைச் சின்னப்பெண் அதில் நுழைந்து போயே போய்விட்டாள்.

மஞ்சளுக்கு மூன்றாம் இடம். இசக்கிக்கு நான்காம் இடம். நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான். பாவிமக, அந்த ஒரு மூச்சில் முகாமே போச்சு.

இசக்கி தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது.

"நீங்கதானக்கா பின்னால போகச் சொன்னீங்க!"

"நான் எங்கட்டி சொன்னேன்? நீயாத்தான போன."

அது உண்மைதான். இசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கோபம் இறங்க இறங்க அவளுடைய பழைய வியாதி தலைதூக்கியது.

"அக்கா, நான் அங்கயே இருந்திருந்தா அந்த வழி எனக்குத்தான தொறந்திருக்கும்?"

சலேத் கீழே உட்கார்ந்து அவளுடைய காலணிக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"பச்சைக்காரி திரும்பித் திரும்பிப் பாத்தாளா?"

"பாத்துக்கிட்டேதான் வந்தா."

"யாரை?"

"என்னையத்தான்."

"நீ போன பொறவு?"

இசக்கி கண்ணை மூடி யோசித்தாள். வெளிப்பக்கம் பாயும்போது ஓரக்கண்ணில் பட்டது நினைவுக்கு வந்தது.

"பாக்கல. அவ பாட்டுக்கு முன்னால போயிட்டா."

"மஞ்சக்காரிய?"

"அவ ஒருத்தி வர்றாங்கிறதயே கண்டுக்கிடல. ஏன்க்கா? அவளும் அதே எடத்துலதான வந்தா? அவள ஏன் அடைக்கல?"

சலேத் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நீ போனதும் அவளுக்கு வீடு காலி. காலி வீட்டுக்கு யாருட்டி காவல் நிப்பா?"

இசக்கி முதல்தடவையாக அடுத்த கேள்வி கேட்கவில்லை.