அரை மாத்திரை

மன்னார்குடியில் அருணகிரி என்று ஒருவர் இருந்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்வை இழந்த மனைவிக்காக அவர் ஒரு நிரல் எழுதினார். மருந்துச் சீட்டில் உள்ளதைத் தட்டச்சு செய்தால், எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று கணினி தமிழில் சொல்லும். மனைவி இறந்த பிறகு, நிரலாளர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் அதை வைத்தார். "யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். என் பெயர் மட்டும் இருக்கட்டும்" என்று மேலே எழுதினார்.

தினமும் காலையில் மன்றத்தைத் திறந்து பார்ப்பார். இருநூற்றுப் பதினான்கு பேர் எடுத்திருந்தார்கள். ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஓராண்டு பார்த்தார், பிறகு திறப்பதை விட்டுவிட்டார்.

கீழக்கரையில் மஹ்மூதா என்ற பெண், கண் தெரியாத தன் தந்தைக்காக அந்த நிரலைப் பயன்படுத்தினாள். ஒருநாள் மருத்துவர் ஒரு மாத்திரையை 1/2 என்று மாற்றி எழுதினார். அவளும் அப்படியே தட்டச்சு செய்தாள். மறுநாள் காலை தந்தையின் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன.

"வாப்பா, நில்லுங்க! அரைதான்!"

"ஒன்று, இரண்டுன்னு அது சொல்லுச்சேம்மா."

அருணகிரியின் மனைவிக்கு அரை மாத்திரை எழுதப்பட்டதே இல்லை. அதனால் நடுவில் உள்ள கோட்டை விட்டுவிட்டு 1/2-ஐ 'ஒன்று, இரண்டு' என்று நிரல் படிக்கும் பிழை அவர் கண்ணில் படவே இல்லை.

வாப்பாவுக்கு நேர இருந்ததை மஹ்மூதா அவருக்கு மன்றம் வழியாக எழுதினாள். அவர்தான் மன்றத்தைத் திறப்பதே இல்லையே, பதில் வரவில்லை. மன்றப் பொறுப்பாளர் குலோத்துங்கனிடம் சொன்னாள்.

"எடுத்த பிரதியை நீங்கள் திருத்தலாம். ஆனால் இட்டவரைக் கேட்காமல் இங்கே உள்ள மூல நிரலில் கைவைக்க மாட்டோம் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறோம்" என்றார் அவர்.

அன்றே மஹ்மூதா பிழையைத் திருத்தித் தனிப் பிரதியாக வெளியிட்டாள். மேலே அருணகிரியின் பெயரும், அவள் மாற்றிய வரி எது என்ற குறிப்பும் இருந்தன. ஆனால் புதிதாக வந்தவர்களும் பழையதையே எடுத்துப் போனார்கள். ஐந்தாம் நாள் குலோத்துங்கனுக்கு மனம் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மூல நிரலையே திருத்திவிட்டார்.

நிரல் மாறினால் இட்டவருக்கு மின்னஞ்சல் தானாகப் போகும். போயிற்று. அருணகிரி மன்றத்துக்கு வந்தார்.

"நன்றாக ஓடியபோது என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. பிழை என்றதும் என் வீட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள்" என்று எழுதினார். மூல நிரலை அழித்தார். மஹ்மூதாவும் தன் பிரதியை அழிக்க வேண்டும் என்றார்.

"ஐயா, இதைக் கேட்டு மருந்து சாப்பிடுறவங்க இருக்காங்க. என்னால முடியாது" என்று அவள் பதில் எழுதினாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். பிரதியை அழிக்க மறுத்த மஹ்மூதா, வாக்கை மீறித் திருத்திய குலோத்துங்கன், தன்னுடையதைத் தானே அழித்த அருணகிரி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மஹ்மூதா. முதலில் கேட்டாள், பிறகு அவர் எழுத்தில் கொடுத்திருந்த அனுமதிக்குள் நின்றே திருத்தினாள், பெயரையும் காத்தாள். கொடுத்த அனுமதியைக் கோபத்தில் திரும்பக் கேட்க அருணகிரிக்கு உரிமை இல்லை. குலோத்துங்கன் தவறியது ஐந்தாம் நாளில் அல்ல, முதல் நாளிலேயே. 'இதில் பிழை உண்டு, திருத்திய பிரதி இங்கே' என்று நிரலுக்கு வெளியே ஓர் அறிவிப்பு வைத்திருந்தால் வாக்கும் நின்றிருக்கும், ஆபத்தும் நீங்கியிருக்கும். ஆனால் ஓராண்டு ஒரு சொல்லும் வராமல் அந்த மனிதர் காத்திருந்ததற்கு எந்த விதியிலும் தீர்ப்பு இல்லை. மூன்று நாள் கழித்து மஹ்மூதாவுக்கு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "உங்கள் வாப்பாவின் பெயர் என்ன?"