கருகிய மேட்டின் சாட்சி

கடைசியில் தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான். ஆகையால் நடுவில் கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

செம்பாறை தேசியப் பூங்காவில் கோகிலவாணி என்று ஒரு வனக்காப்பாளர் இருந்தாள். சட்டம் என்று வந்துவிட்டால் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். பூங்காவுக்குள் பீடி பற்றவைத்த சொந்தத் தாய்மாமன் மேலேயே வழக்குப் போட்டவள். அதற்கப்புறம் அந்த வீட்டு விசேஷம் எதற்கும் அவளுக்கு அழைப்பு வரவில்லை. அவளும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் மாதையன் அவள் கையில் சிக்கினார். பூங்காவின் ஓரத்தில் மாடு மேய்ப்பவர். காய்ந்த புல்லைக் கொளுத்தி வைத்தால் அடுத்த மழைக்குப் பச்சைப்புல் தளதளவென்று வரும் என்பது மாட்டுக்காரர்களின் கணக்கு. சட்டப்படி அது குற்றம். கோகிலவாணி ஆட்களைக் கூட்டிவந்து தீயை அணைப்பதற்குள் ஒரு மேடு முழுக்கக் கருகிவிட்டது. மாதையன் ஓடவுமில்லை, தீப்பெட்டியோடு அங்கேயே நின்றார். தகவல் கேட்டு அவளுடைய மேலதிகாரி, ரேஞ்சர் அருளானந்தமும் வந்து சேர்ந்தார்.

“என்னங்கண்ணா இது?” என்றாள் கோகிலவாணி.

“மாடு பட்டினி கெடக்குதுங்க அம்மிணி. புல்லு மொளைக்கோணும்னு வெச்சேன். கண்டும் காணாமப் போயிருங்க.”

கண்டும் காணாமல் போக அவளுக்கு வராது. வழக்குப் பதிவாயிற்று. மாதையன் ஜாமீனில் வெளியே வந்தார். குற்றம் உறுதியானால் சிறைதான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். உள்ளே போவதானால் மாடுகளை விற்றுவிட்டுத்தான் போகவேண்டும். அந்த மாடுகளைத் தவிர அவருக்கு வேறு உறவும் கிடையாது.

பங்குனியில் பெரிய தீ வந்தது. யார் வைத்தது, எங்கே பற்றியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மலையேற வந்த ஒரு கூட்டத்தைக் கோகிலவாணி கீழே அழைத்து வந்துகொண்டிருந்தாள். காற்று திடீரென்று திசை மாறி, தீ அவர்களைப் பார்த்து ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் காய்ந்த புல். எங்கே ஓடினாலும் தீ முந்திக்கொள்ளும்.

அவளுக்கு மாதையன் கொளுத்திய மேடு நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே எரிந்த இடத்தில் மறுபடி எரிய என்ன இருக்கிறது? எல்லோரையும் அங்கே விரட்டிக்கொண்டு போய்க் குப்புறப் படுக்கச் சொன்னாள். தீ மேட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சிலருக்குப் புருவம் பொசுங்கியதோடு சரி. ஒரு உயிரும் போகவில்லை. சாம்பலில் முகம் புதைத்துக் கிடந்த கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. தான் எந்தக் குற்றத்துக்காக ஒருவரைக் கூண்டில் ஏற்றினாளோ, அதே குற்றத்தின் மேல்தான் இப்போது உயிரோடு படுத்திருந்தாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. மாதையனின் வக்கீல் ஏதோ கேட்டு வைப்போமே என்று கேட்டார்:

“காட்டுத்தீ பரவாம இருக்க, முன்கூட்டியே புல்லை எரிச்சு வைக்கிற வழக்கம் உங்க துறையிலேயே உண்டு. இவரும் அதுக்காக எரிச்சிருக்கலாம் இல்லையா?”

“ஆமாங்கய்யா,” என்றாள் கோகிலவாணி. “தீ பரவாம இருக்கத்தான் எரிச்சேன்னு அன்னிக்கே எங்கிட்டச் சொன்னாரு.”

கேட்ட வக்கீலே திகைத்துப்போனார். ரேஞ்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஜிஸ்திரேட் மட்டும் நிதானமாக மாதையன் பக்கம் திரும்பினார்.

“பெரிய தீ வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? யாராவது எரிக்கச் சொன்னாங்களா?”

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. தீ வருமென்று முன்பே தெரியும் என்று மாதையன் சொன்னால், பெரிய தீயை வைத்தவரும் அவரே என்று சந்தேகம் எழும். காப்பாற்ற நினைத்தவள் அவரை இன்னும் ஆழமான குழிக்குள் தள்ளியிருந்தாள்.

மாதையன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

“ஒருத்தரும் சொல்லலீங்க சாமி. மாட்டுக்குப் புல்லு வேணும்னு நானாத்தான் வெச்சேன். புடிபட்ட பயத்துல அம்மிணிகிட்டப் பொய் சொல்லிப்புட்டேன். அம்மிணியும் அதை நம்பிருச்சு.”

மாஜிஸ்திரேட் ரேஞ்சரைக் கேட்டார்: “நீங்களும் அங்க இருந்திருக்கீங்க. அன்னிக்கு இவர் என்ன சொன்னாரு?”

“சரியா ஞாபகம் இல்லீங்கய்யா,” என்றார் அருளானந்தம். எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆக, ஒரே வழக்கில் மூன்று பேர் பொய் சொன்னார்கள். கோகிலவாணி, உயிர் பிழைத்த நன்றிக்காக. மாதையன், அவளுடைய பொய்யை மறைப்பதற்காக. அருளானந்தம், தன் கீழே வேலை செய்கிறவளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக. உங்களைக் கேட்டால், இந்த மூவரில் யாருடைய பொய்யை மன்னிப்பீர்கள்?

என் விடை இது. ரேஞ்சரின் பொய்யால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோகிலவாணி பட்ட நன்றிக்கடன் அவளுடையது. அதை அடைக்க, தனக்குச் சொந்தமில்லாததை, நீதிமன்றத்துக்குச் சேர வேண்டிய உண்மையை, எடுத்துக் கொடுத்தாள். “புல்லுக்காகத்தான் எரித்தார், ஆனால் அதனால்தான் நாங்கள் பிழைத்தோம்” என்று இரண்டையும் சொல்லிவிட்டு, எடைபோடுவதை மாஜிஸ்திரேட்டிடம் விட்டிருக்கலாம். மாதையனுக்கோ, யாராவது எரிக்கச் சொன்னார்களா என்று கேட்டு, தப்பிக்கும் வழியை மாஜிஸ்திரேட்டே திறந்து கொடுத்தார். “இந்த அம்மிணிதான் எரிக்கச் சொன்னது” என்று ஒரு வார்த்தை போதும். அவர் வீட்டுக்குப் போயிருப்பார், அவள் வேலை போயிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. சொன்ன பொய்யும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பொய். மன்னிப்பதானால் அதைத்தான் மன்னிப்பேன். மாதையன் மாடுகளை விற்றுவிட்டுச் சிறைக்குப் போனார். கோகிலவாணிக்கு யாரும் எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.