ஆள்காட்டி ஏன் வாய் மூடுவதில்லை

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பனிக்கரடு என்ற மலையின் அடிவாரத்தில் செங்கோடன் ஒரு சத்திரம் நடத்திவந்தான். மலையழகைப் பார்த்தபடி நாலு நாள் நடந்துவிட்டுப் போகலாம் என்று ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்குவார்கள். வந்தவர் முகம் சுளித்துக் கிளம்பினால் செங்கோடனுக்கு அன்று சோறு இறங்காது. அவன் குணம் அப்படி.

விருந்தாளிகளுக்கு வழிகாட்டியது ஆள்காட்டிப் பறவை. சத்திரத்து வேப்பமரத்தில்தான் அதற்குக் கூடு. நடப்பவர்களுக்கு முன்னால் பறந்து, "ஆள் வருது! ஆள் வருது!" என்று கத்திக்கொண்டே போகும். புல்லுக்குள் குட்டி போட்டிருக்கும் மான்களுக்கு அது கொடுத்திருந்த வாக்கு அது. சத்தம் கேட்டதும் அவை பதறாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒருமுறை சோலையப்பர் என்ற பெரியவர் வந்தார். மூன்று நாள் நடந்தார். அருவியைப் பார்த்தார், பள்ளத்தாக்கைப் பார்த்தார். மானைத்தான் காணவில்லை.

"செங்கோடா, கண்ணு மங்கறதுக்குள்ள ஒரு மானைப் பார்த்துப்போடலாம்னு வந்தேன். உன் குருவி ஊரையே கூட்டுது. நாளைக்கு நடந்துட்டுக் கிளம்பறேன்" என்றார்.

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. நேரே வேப்பமரத்தடிக்குப் போனான்.

"அம்மிணி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கிட்டு வா."

"மானுங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கறனுங்ளே, அண்ணா."

"எம்பட மரத்துலதான குடியிருக்கற? இதுகூடச் செய்யமாட்டயா?"

சொல்லும்போதே அவனுக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டான். பறவை தலையைக் குனிந்துகொண்டது.

மறுநாள் காலை, பறவை சத்தமில்லாமல் முன்னால் பறக்க, செங்கோடனும் பெரியவரும் பின்னால் போனார்கள். பாறை விளிம்பை ஒட்டிய புல்வெளியில், பெரியவர் காலடிக்கு நாலு முழத்தில், ஒரு பெண்மான் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஆகா!" என்றார் பெரியவர்.

மான் மிரண்டு துள்ளியது. துள்ளிய பக்கம் தரை இல்லை.

பெரியவர் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செங்கோடன் குட்டியைத் தூக்கிவந்து, துணியைப் பசும்பாலில் நனைத்து வாயில் வைத்துப் பார்த்தான். அது தொடவே இல்லை. மூன்றாம் நாள் அவன் மடியிலேயே அடங்கிப்போனது. நானல்லவா கொன்றேன் என்று அவன் வாய்விட்டு அழுதான்.

பறவையும் அழுதது. அழுது அழுது அதன் கண்ணோரம் சிவந்து தடித்துப்போனது. பிறகு மரத்தைவிட்டு இறங்கி, ஆட்கள் நடக்கும் அதே பாதையோரத்தில், வெறும் தரையில் நாலு முட்டை இட்டது.

"யாராச்சும் மிதிச்சுப்போடுவாங்க அம்மிணி, மேல வந்துரு" என்று செங்கோடன் கெஞ்சினான்.

"மிதிச்சுப்போடுவாங்கங்கற பயம் இருந்தாத்தான் இனி யாருக்காகவும் நான் வாயை மூடமாட்டேன். மரம் குடுத்தீங்க, அப்பறம் வாயைக் கேட்டீங்க. இனி யார் மரமும் எனக்கு வேண்டாமுங்ண்ணா."

அன்று முதல்தான் ஆள்காட்டி எந்த மரத்திலும் அடைவதில்லை. வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு, காலடி கேட்டாலே தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. வருகிறவர் நல்லவரா என்று அது விசாரிப்பதில்லை.