உடும்பின் நாலு புளியங்கொட்டை

இலுப்பைக் காட்டுக் குளக்கரையில் ஆமை, முயல், உடும்பு, கீரி நான்கும் தினமும் கதையாட்டம் ஆடும். கீரி கதை சொல்லும். மற்ற மூன்றுக்கும் ஆளுக்கொரு வேஷம். ஆமை குதிரைவீரன், முயல் மந்திரவாதி, உடும்பு கொள்ளைக்காரன். வெட்டினேன், தாண்டினேன் என்று வாயால் சொன்னால் போதாது. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நாலு புளியங்கொட்டையை உருட்ட வேண்டும். வெள்ளை அதிகம் விழுந்தவருக்கு ஜெயம். அவரவர் கொட்டை அவரவர் கையில். இதுதான் பழைய விதி.

குளத்தைச் சுற்றவே அரை நாள் எடுக்கிற ஆமைக்கு அந்தக் குதிரைவீரன்தான் உயிர். பேர் செங்கோடன். ஏழு மழைக்காலமாக அவனாகவே ஆடி வருகிறது. போன மாதம் ஆற்றங்கரைச் சண்டையில் கொள்ளைக்காரன் அவன் குதிரையைப் பறித்துக்கொண்டான். அன்று ஆமை இரையே எடுக்கவில்லை, பாவம்!

ஒருநாள் கீரி வந்து, "இனிமே புது விதி! பக்கத்துக் காட்டுல ஆடிப் பாத்தேன். சண்டை சச்சரவே இல்ல!" என்றது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. "என் செங்கோடன் என்ன ஆவான்?"

"பேரு, வாளு, தழும்பு எல்லாம் அப்படியே இருக்கும், அண்ணே!"

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க!"

உடும்பு மெல்ல ஆமையின் பக்கம் ஊர்ந்து வந்தது. "இவனுக்கு எதுக்குண்ணே இவ்வளவு அக்கறை? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்! புது விதியில, மெதுவா நடக்கிறவங்க குதிரையே ஏறக்கூடாதாம்!"

"யார் சொன்னது?" என்று கேட்டது முயல். "யாரோ சொன்னாங்க" என்றது உடும்பு. இந்த 'யாரோ'வை இதுவரை எவனாவது கண்ணால் பார்த்திருக்கிறானா?

ஆனாலும் ஆமையின் மனசில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. மூன்று நாள் ஆட்டமே நடக்கவில்லை. கீரி தும்மினால்கூட, ஏன் தும்மியது என்று யோசித்தது ஆமை.

நாலாம் நாள் கீரி சொன்னது: "என்னை நம்ப வேணாம், அண்ணே. அதே ஆற்றங்கரைச் சண்டையை மறுபடி ஆடிப் பாப்போம். பிடிக்கலேன்னா பழைய விதியே இருக்கட்டும்."

"புது விதியில என்னதான் மாறுது?"

"ஒண்ணே ஒண்ணு. எல்லாக் கொட்டையும் இந்தத் தேங்காய்ச் சிரட்டையில போடணும். கண்ணை மூடிக்கிட்டு நாலு எடுத்து உருட்டணும்."

ஆமை தன் கொட்டைகளைப் போட்டது. முயலும் போட்டது. உடும்பு மட்டும் கையைத் திறக்கவில்லை.

"இது எங்க தாத்தா தேய்ச்ச கொட்டை! தரமாட்டேன்!"

"புளியமரத்தடியில பொறுக்கினேன்னு சொன்னியே!" என்று முயல் அதன் கையைப் பிடித்து இழுத்தது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா? அசையவில்லை.

அப்போதுதான் ஆமைக்கு வேறொரு சந்தேகம் வந்தது. நிதானமாகப் பின்னால் போய் உடும்பின் வால் நுனியைக் கவ்வியது.

"ஐயோ!" கொட்டைகள் சிதறின. முயல் ஒன்றை எடுத்துப் பார்த்தது. இந்தப் பக்கம் வெள்ளை. புரட்டியது. அந்தப் பக்கமும் வெள்ளை!

"அடப்பாவி! என் குதிரையை இப்படியா பறிச்சே?" என்று கேட்டது ஆமை. "உன் பேச்சைக் கேட்டு இந்தக் கீரித்தம்பியைப் போய் சந்தேகப்பட்டேனே!"

உடும்பு புற்றுக்குள் நுழைந்துவிட்டது.

கொள்ளைக்காரன் வேஷத்தைக் கீரியே எடுத்துக்கொண்டு முதலில் உருட்டியது. இரண்டு வெள்ளை. ஆமை கண்ணை மூடி நாலு எடுத்து உருட்டியது. மூன்று வெள்ளை!

"செங்கோடன் குதிரைமேல தாவிட்டான்!" என்று கத்தியபடி ஆமை குளத்தைச் சுற்றி ஓடியது. ஒரு சுற்று முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் கைதட்டிக்கொண்டே காத்திருந்தன.

புதியதைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் அது வேண்டவே வேண்டாம் என்று காதில் ஓதுகிறவனின் கையை முதலில் விரித்துப் பார்த்துவிட வேண்டும்.