இதர செலவுகள்

"கணக்கு நேராயிடுச்சும்மா. ஆனா என்னால ஒரு இடத்துல உட்கார முடியல."

சொன்னவர் தணிகாசலம். மாநிலத்தின் நிதியமைச்சர். அறுபத்து மூன்று வயது. சொல்லிவிட்டு எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் சட்டசபையில் பட்ஜெட் வாசிக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தவள் பூங்காவனம். அந்த மலையடிவார மடத்தின் தலைவி. முப்பத்து நான்கு வயது. பழைய குரு போன வருஷம் இறந்துபோனார். அவருடைய சீடர்கள் எல்லோருக்கும் இப்போது இவள்தான் குரு. அமைச்சரும் அந்தச் சீடர்களில் ஒருவர். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வழக்கத்தை விடக்கூடாதே என்று வந்திருந்தார்.

வழக்கம் இதுதான். பட்ஜெட் ஃபைல் முந்தின நாள் மடத்துக்கு வரும். குரு அதன்மேல் சந்தனப் பொட்டு வைப்பார். எடுத்துக்கொண்டு போய்விடலாம். பழைய குரு இருபத்திரண்டு வருஷம் பொட்டு வைத்தார். ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

பூங்காவனம் ஃபைலின் கயிற்றை அவிழ்த்தாள்.

"அது ரகசியம்மா. நாளைக்கு வாசிக்கிறவரைக்கும் வெளியாள் யாரும் பாக்கக் கூடாது."

"பாக்காம எதுக்குப் பொட்டு வைக்கிறது?"

அவர் கால் ஆடத் தொடங்கியது.

அவள் மடியில் ஒரு கிழிந்த கொசுவலை கிடந்தது. ஊசியை அதில் குத்தி வைத்துவிட்டு, பக்கங்களைப் புரட்டினாள். எப்படி நேரானது என்று கேட்டாள்.

அவர் மூச்சு விடாமல் சொன்னார். புது வரி கிடையாது என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நானூறு கோடி துண்டு விழுந்தது. ஒரு பைசா வரி ஏற்றவில்லை. பென்ஷனில் கை வைக்கவில்லை. ஒரு திட்டத்தையும் மூடவில்லை. ஆனாலும் துண்டு போய்விட்டது. காலையில் முதல்வரே போன் பண்ணி, கெட்டிக்காரனய்யா நீ என்றாராம்.

"சரி, எப்படிப் போச்சு?"

"இதர செலவுகள்னு ஒரு தலைப்பு இருக்கும்மா. ஆயிரம் கோடி. அதுல நானூறைக் குறைச்சிட்டேன்."

"யாரும் கேக்கலியா?"

"இதரன்னு போட்டா எவன் கொடி பிடிச்சிக்கிட்டு வருவான்?"

அவரே சிரித்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"அதுல என்னென்ன இருக்கு?"

சில்லறை விஷயங்கள் என்றார். எந்தச் சில்லறை என்றாள். அவருக்குத் தெரியவில்லை. சில்லறை எதுவும் நிஜமாகவே தெரியவில்லை.

அவள் ஒரு கோடு போட்ட நோட்டையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"கேட்டு எழுதுங்க."

ஐந்து மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும், இப்போதே மணி இரண்டு என்று அவர் முறையிட்டார். அவள் கொசுவலையைத் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நிதிச் செயலருக்குப் போன் போட்டார். செயலருக்கும் தெரியவில்லை. அவர் துணைச் செயலரைக் கேட்டார். துணைச் செயலர் பிரிவு அலுவலரைக் கேட்டார். அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிஷம் போனது. தணிகாசலம் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்து டிரைவர் இரண்டு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து அணைத்தார்.

போன் வந்தது. செயலர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுத்து கோணிக்கொண்டு போனது.

விருந்தினர் மாளிகைப் புல்வெளி.

காது கேட்கும் மெஷினுக்கு பாட்டரி.

அரசு விடுதிப் பிள்ளைகளுக்கு சோப்பு, தேங்காய் எண்ணெய்.

மலைக் கிராமங்களுக்குப் பாம்புக்கடி மருந்து போகிற ஜீப்புக்கு டீசல்.

யாரும் கேட்டு வராத பிணங்களை அடக்கம் செய்ய.

இப்படி முப்பத்தாறு. முப்பத்தேழாவதில் செயலர் நிறுத்தினார். அதையும் எழுத வேண்டுமா சார் என்று கேட்டார். தணிகாசலம், சொல்லுங்க என்றார். பிறகு எழுதினார். பொடி எழுத்தில்.

"இப்ப அடிங்க. நானூறு கோடி வர்ற வரைக்கும்" என்றாள் பூங்காவனம்.

"அதான் ஏற்கெனவே குறைச்சாச்சேம்மா."

"எதைக் குறைச்சோம்னு இப்பத்தானே உங்களுக்குத் தெரிஞ்சுது."

புல்வெளியை முதலில் அடித்தார். அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி. எண்பது லட்சம். முகம் கொஞ்சம் தெளிந்தது.

பாட்டரிக்கு மேல் பென்சில் நின்றது. பாட்டரி இல்லாமல் அந்த மெஷினை வைத்துக்கொண்டு காது கேட்காதவன் என்ன பண்ணுவான் என்று முணுமுணுத்துவிட்டுத் தாண்டினார்.

சோப்பில் பாதியை வெட்டலாம் என்று பார்த்தார். நீங்கள் எங்கே தங்கிப் படித்தீர்கள் என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். அரசு விடுதியில்தான் என்றார். அதையும் தாண்டினார்.

பிணங்களுக்கு வந்தார்.

"இது யாருக்கும் வலிக்காது. பிணம் ஓட்டுப் போடாது."

அடித்தார்.

"சரி. அப்ப அந்தப் பிணம் எங்க கிடக்கும்?"

பென்சில் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. கறுப்பாக அப்பிக்கொண்டது. அதன் மேலேயே திரும்பவும் எழுதினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட்டிப் பார்த்தார். ஒன்பது கோடி.

பென்சிலைத் தரையில் எறிந்தார்.

"வரியும் ஏத்தக் கூடாது, இதையும் அடிக்கக் கூடாதுன்னா நான் என்னதான் பண்றது? நாளைக்கு அந்த சபையில நிக்கப் போறது நான். துண்டு விழுந்தா பதவி போயிடும். உங்களுக்கென்ன, நீங்க சாமியார்."

அவள் எழுந்து போய்ப் பென்சிலை எடுத்து வந்தாள்.

"கடைசியில ஒண்ணு பொடியா இருக்கு. எனக்குத் தெரியல. நீங்களே படிங்க."

அவர் படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"கல்குவாரி ஊக்கத் தொகை. நானூத்திப் பத்துக் கோடி."

அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மலையை உடைக்கிறவர்கள் உடைக்கிற கல்லுக்கு அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறார்கள். வருஷக் கடைசியில் அரசாங்கம் அந்தப் பணத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தொழில் வளர வேண்டும் என்று. மொத்தம் மூன்று கம்பெனி.

"யார் யாரோடது?"

"ரெண்டு பேரு யாரோ வெளியூர்."

"இன்னொண்ணு?"

"என் சம்பந்தியோடது."

நான்கு வருஷம் முன்னால், மகளின் நிச்சயதார்த்தத்தன்று, தாம்பூலம் மாற்றிய கையோடு சம்பந்தி கேட்டார். இவர் சரி என்றார். எந்தத் தலைப்பில் போடுவது என்று செயலர் கேட்டபோது, இதரத்தில் போடுங்கள் என்று சொன்னவரும் இவர்தான். மறந்துவிடவில்லை. அந்தப் பக்கம் நினைப்பு போகாமல் பழகிக்கொண்டார். நானூறு கோடியைக் குறைக்கச் சொன்னபோதுகூட, ஒப்பந்தம் போட்டதைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அச்சகத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் செயலர் போன் பண்ணினார். மணி நாலே முக்கால்.

தணிகாசலம் அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அடிச்சா நான் வீட்டுக்குப் போக முடியாதும்மா."

"ஏன்?"

மனைவி போன பிறகு மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன் என்றார். அந்த வீடு சம்பந்தி கட்டியது. சாயங்காலம் காபி கொண்டுவந்து வைப்பதுகூட அந்த வீட்டு ஆள்தான்.

"பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

பூங்காவனம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இங்க ஒரு பாய் சும்மாதான் கிடக்கு."

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சிமென்ட் தரை. ஃபேன் இல்லை. மூலையில் ஒரு குடம்.

"தலையணை இருக்குமா?"

"இருக்காது."

அடித்தார்.