நடுச் சந்து

"என்னை யாருமே எடுத்துக்கல கோச்" என்றான் செமிசி.

கோச் டில்லரி எழுதிக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அப்புறம் எப்படி இங்க வந்து நிக்கற?"

"தொண்ணூறு பேர்ல ஒருத்தனா நிக்கறேன். என் சட்டை நம்பரைக்கூட இன்னொருத்தனுக்கும் சேத்துக் குடுத்திருக்காங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர்தானே தவிர, அதில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள்மேல் ஆள் மோதுகிற ஆட்டம் அது. கல்லூரியில் ஆடி முடித்தவர்களைப் பெரிய டீம்கள் வருடத்துக்கு ஒரு முறை பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். மூன்று நாள் நடக்கும். இருநூற்றைம்பது பெயருக்கு மேல் வாசிப்பார்கள்.

செமிசியின் அம்மா டோங்கா தீவிலிருந்து வந்தவள். மகன் பெயர் எப்படியும் வந்துவிடும் என்று நாற்பது பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். உறவுக்காரர்கள் மூன்று நாளும் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசிப் பெயரும் வாசித்து முடிந்தது. ஒரு மாமா மட்டும் எழுந்திருக்கும்போது, "கறி நல்லா இருந்துச்சு" என்றார்.

பெயர் வராதவர்களில் சிலரை டீம்கள் பிறகு போனில் கூப்பிடும். வந்து பயிற்சியில் ஓடிப் பார் என்பார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் தொண்ணூறு பேரில் முப்பத்தேழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த முப்பத்தேழில் முதலில் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டில்லரி தற்காப்பு வரிசைக்குக் கோச். பெண்கள் லீக்கில் பதினோரு வருடம் ஆடியவர். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். நூற்று நாற்பது கிலோ ஆட்களுக்கு நடுவே அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"நான் என்ன செஞ்சா இங்க தங்கலாம் கோச்?"

டில்லரி எழுந்து மைதானத்துக்கு நடந்தார். அவன் பின்னாலேயே போனான். இரண்டு அணிகளும் எதிரெதிராகக் குனிந்து நிற்கும் கோட்டில், சரியாக நடுவில், ஷூ நுனியால் ஒரு இடத்தைக் காட்டினார்.

"இங்க நில்லு."

"நின்னு?"

"நில்லு."

எதிர்வரிசையில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சந்து என்றே வைத்துக்கொள்வோம். நம்மூர்ச் சந்துகளைப் போலத்தான், அகலம் கம்மி, தகராறு ஜாஸ்தி. தடுக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு சந்து பொறுப்பு. செமிசிக்கு நடுச் சந்து. பந்து அசைந்ததும் எதிரில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து அவனை முட்டித் தள்ளுவார்கள். அவன் நகரக் கூடாது. அவனுக்குப் பின்னால் முட்டுவார் இல்லாமல் நிற்கும் ஆம்புரோஸ் என்பவன் பாய்ந்து வந்து, பந்து வைத்திருப்பவனைச் சாய்ப்பான்.

கைதட்டல் ஆம்புரோசுக்கு. செமிசிக்கு வாய் நிறையப் புல்.

பதினைந்து நாள் அப்படி நின்றான். பதினாறாம் நாள் கோச் முன்னால் வந்தான்.

"கோச், தினமும் சுவத்துல பட்டியல் ஒட்டறாங்க. யாரு எத்தனை பேரைச் சாய்ச்சாங்கன்னு. என் பேருக்கு நேரா முட்டை."

"பாத்தேன்."

"இப்படியே முட்டையோட இருந்தா அனுப்பிடுவாங்க."

"அனுப்பலாம்."

"அப்ப நானும் யாரையாவது சாய்க்க வேண்டாமா?"

டில்லரி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உன் எதிர்ல இருக்கறவனுக்கு இப்ப நான் தெரிவேனா?"

"எப்படித் தெரியும்? நான்தான் மறைச்சிட்டு நிக்கறேனே."

"சரி, போய்ச் சாப்பிடு" என்று அவர் கிளம்பிவிட்டார்.

கேட்கிற நமக்கே எரிச்சலாக இருக்கிறது. அவனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்று வந்தது. அதுதான் கடைசி. மறுநாள் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள். செமிசியின் அம்மா ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பாதியில் அவனுக்குப் பொறுக்கவில்லை. பந்து அசைந்ததும் தன் சந்தை விட்டான். பக்கத்துச் சந்து வழியாக நுழைந்து, பந்தை வீச நின்றவனை இடுப்போடு சேர்த்துச் சாய்த்தான். மைதானம் எழுந்து நின்றது. ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது, தப்பாகத்தான் சொன்னது. அம்மா இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அடுத்த முறையும் சந்தை விட்டான்.

இந்த முறை அவனை முட்ட வந்த இருவருக்கும் முட்டுவதற்கு ஆள் இல்லை. ஒருவன் நேரே ஓடி ஆம்புரோஸ்மேல் விழுந்தான். பந்தை வாங்கியவன் காலியான நடுச் சந்து வழியாக மைதானத்தின் கடைசிக் கோடு வரைக்கும் ஓடினான். ஆம்புரோஸ் எழுந்திருக்கவில்லை. முழங்கால் திரும்பிவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் செமிசி டில்லரியின் அறை வாசலில் நின்றான்.

"திட்டுங்க கோச்."

"ஆம்புரோசைப் போய்ப் பாத்தியா?"

"எந்த முகத்தோட போறது?"

"இருக்கற முகத்தோட போ."

போனான். ஆம்புரோஸ் காலை நீட்டி, முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். செமிசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆம்புரோஸ் முந்திக்கொண்டான்.

"ரெண்டு வாரமா என் பக்கம் ஒருத்தனும் வரல. பெரிய லீக்னு சும்மா பயமுறுத்தறாங்க, இவ்ளோ லேசா இருக்கேன்னு நெனச்சேன்."

பையை எடுத்து வேறு பக்கம் வைத்தான்.

"என்மேல விழுந்தானே, அந்தத் தடியன் இவ்ளோ நாளா எங்க இருந்தான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

செமிசி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். ஆம்புரோஸ் அதைப் பார்க்காதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல மனிதன்.

மறுநாள் காலை ஒரு ஆள் வந்து செமிசியின் தோளைத் தொட்டான்.

"பெரிய கோச் கூப்பிடறாரு. ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா."

டீமின் ஆட்ட உத்திகள் எழுதிய அந்தப் புத்தகத்தோடு வரச் சொன்னால், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்று அர்த்தம். அதை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரவர் தட்டைப் பார்த்தார்கள்.

"வரேன் கோச்" என்றான் டில்லரியிடம்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"பயிற்சிக் குழுவுல ஒரு இடம் கேட்டு வாங்கியிருக்கேன்."

பயிற்சிக் குழு என்றால், அடுத்து மோதப்போகும் டீமைப்போல வாரம் முழுக்க நடித்துக் காட்ட வேண்டும். சொந்த டீம் அவர்களை முட்டிப் பழகிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தன்று சாதாரணச் சட்டையில் ஓரமாக நின்று பார்க்கலாம்.

"அங்க நான் என்ன பண்றது கோச்?"

டில்லரி ஷூ நுனியால் தரையில் ஒரு இடத்தைக் காட்டினார்.

"புரிஞ்சுது" என்றான்.

பதினோரு வாரம் நின்றான். பன்னிரண்டாம் வாரம் நடுச் சந்துக்காரனுக்குத் தோள் எலும்பு விலகியது. செமிசியை இறக்கினார்கள். பிறகு அந்த இடத்தை அவன் யாருக்கும் விடவில்லை.

ஒன்பது வருடம். எத்தனை மோதல் என்று யார் எண்ணியது? வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. மூக்கு மூன்று முறை உடைந்தது, நாலாவது முறை தானாகவே நேரானது. லீக்கின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு ஆம்புரோஸ் ஐந்து முறை போனான், ஐந்து முறையும் செமிசியின் அம்மாவை விமானத்தில் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தான். செமிசி சாய்த்ததாகப் பட்டியலில் ஏறியது, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து நாலே நாலு பேர். அம்மா கைதூக்கிய அந்த முதல் ஆள் பயிற்சி ஆட்டத்தில் விழுந்ததால் அதில் சேரவில்லை.

எனக்கு அந்த மனிதன்மேல் அளவுகடந்த மரியாதை. அதை மறைப்பதாக இல்லை.

பத்தாவது வருடம் டீமுக்குப் புது மேலாளர் வந்தார். பட்டியல்களை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறவர். செமிசியின் வரியில் விரலை நிறுத்தினார்.

"நாலு பேர்தானா? இதுக்கு ஒரு ஆளா?"

"அவனை விட்டுடாதீங்க" என்றார் டில்லரி. "ஆட்டத்தைப் போட்டுப் பாருங்க."

"பாத்தேன். பந்து இருக்கற பக்கமே அவன் இல்ல."

ஆம்புரோஸ் மேலாளர் அறைக்குள் போய்க் கத்திவிட்டு வந்தான். ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை காலை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி செமிசிக்கு ஆள் வந்தது.

முப்பத்திரண்டு வயது. நடுச் சந்தில் நிற்கிறவனுக்கு அது கிழவயது. வேறு டீம் கிடைக்காவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. கிடைக்கும் என்று செமிசி நம்பவில்லை. சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு டில்லரியின் அறைக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் கோச்."

"கேளு."

"நீங்க நிக்கச் சொன்ன எடத்துல ஒன்பது வருஷம் நின்னேன். கடைசில பட்டியலைப் பாத்துட்டு அனுப்பிட்டாங்க. நான் ஏமாளியா?"

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. டில்லரி எடுத்தார்.

"ஆமா. இன்னிக்குக் காலையிலதான்... முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல... சொல்றேன்."

வைத்தார். வைத்த கையோடு மறுபடியும் அடித்தது.

"முழங்கால் நல்லா இருக்கு... சொல்றேன்."

மூன்றாவது முறையும் அடித்தது. மூன்றாவது முறையும் முழங்கால் நன்றாக இருக்கிறது என்றார். செமிசி பையைக் கீழே வைத்தான்.

"யாரு கோச்?"

டில்லரி மூன்று டீம்களின் பெயரைச் சொன்னார். இவர்கள் டீம் இருக்கும் அதே பிரிவில் உள்ள டீம்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஒன்பது வருடமும் செமிசியோடு மோதியவர்கள்.

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"நீ."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"என் பட்டியலைப் பாத்தாங்களா கோச்? நாலு பேர்தான்."

"நீ வர்றதுக்கு முன்னாடியே இவங்கள்ல ஒருத்தர் ஒரு தடவை பேசினாரு, அவர்கிட்ட அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'எந்தப் பட்டியல்? ஒன்பது வருஷமா அந்த ஒருத்தனுக்கு ரெண்டு ஆளைப் போட்டே எங்களுக்கு மாளல, இந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க'ன்னாரு."