கடைசியாகக் கரையேறியவன்

கொடி ஒன்று, அதைக் கேட்டு நின்றவர்கள் மூன்று பேர். போரில் ஜெயித்த களைப்புகூட ஆறாமல் அந்த மூன்று பேரும் போட்ட சண்டை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கதை. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய தளபதியே அவசரப்படவில்லை.

நெடுந்திட்டு என்ற தீவை எதிரி நாட்டுப் படை பிடித்து வைத்திருந்தது. ஊர்ச் சனங்களை எல்லாம் கருவாட்டுக் கிடங்கில் அடைத்துப் போட்டிருந்தார்கள். தீவை மீட்கும் வேலை கடற்படைக் கமாண்டோக்களிடம் வந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரி வசமுள்ள தீவில் யார் முதலில் கால் ஊன்றுகிறாரோ, அவர் கையால்தான் அங்கே கொடி ஏற வேண்டும். கரைக்கும் அவர் பெயரையே வைப்பார்கள். பதக்கம் வேண்டாம், இது போதும் என்று சொல்கிற ஆட்கள் அந்தப் படையில் நிறைய.

எல்லாரையும்விட அதற்கு ஏங்கியவன் தொம்மை. அவன் நெடுந்திட்டிலேயே பிறந்தவன். அவனுடைய அக்கா பாக்கியம் அந்தக் கிடங்குக்குள்தான் இருந்தாள். தன் மண்ணில் வேறொருவன் முதலில் கால் வைப்பதை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் தளபதி திரவியம் அவனுக்குக் கொடுத்த வேலை வேறு. கரைக்கு முன்னால் கடலுக்குள் வரிசையாகப் பாறைகள். அவற்றுக்கு நடுவே படகு நுழைய ஒரே ஒரு சந்து. கடல் நன்றாகப் பெருகியிருந்தால்தான் அதிலும் அடி தட்டாமல் போக முடியும். அந்தச் சந்துக்குப் பக்கத்திலேயே ஒரு மணல்மேடு அப்போது மூழ்கிக் கிடக்கும். தொம்மை முன்கூட்டியே நீந்திப் போய் அந்த மேட்டில் நின்று, மூங்கிலில் விளக்கைக் கட்டிப் படகுகளுக்கு வழி காட்ட வேண்டும்.

"அந்த மேடு எனக்கு நல்லாத் தெரியும் சார். சின்ன வயசுல நாங்க பந்து விளையாடின இடம்தான்," என்றான் தொம்மை. "ஆனா அங்கேயே நின்னுட்டா நான் எப்ப சார் கரைக்குப் போறது?"

"கடைசிப் படகு தாண்டின பிறகு," என்றார் தளபதி. பாவம், அவன் முகம் தொங்கிப்போயிற்று.

விடிகிற நேரம். கழுத்தளவு தண்ணீரில், மணலில் காலை அழுத்தி ஊன்றி, தொம்மை விளக்கைத் தூக்கினான். எதிரிகள் சும்மா இருப்பார்களா? விளக்கைக் குறிவைத்துச் சுட்டார்கள். ஒரு குண்டு மூங்கிலையே பிளந்தது. அவன் விளக்கை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து கிடங்கின் கூரை தெரிந்தது. நாலு வீச்சு நீந்தினால் கரை. எல்லாருக்கும் முன்னால் போய்விடலாம். அவன் அசையவில்லை. படகுகள் ஒவ்வொன்றாக அவனை உரசினாற்போல் கடந்தன. ஒன்றுகூடப் பாறையில் மோதவில்லை.

முதல் படகை ஓட்டியவர் மலைச்சாமி. அது கரையருகே மணலில் முட்டியதும் அதில் வந்த சேவுகன் முதல் ஆளாகத் தண்ணீரில் குதித்தார், அங்கேயே மண்டியிட்டு, எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை அடக்கினார். அவர் காவலில் மற்றவர்கள் அவரைத் தாண்டிக் கரையின் காய்ந்த மணலுக்கு ஓடினார்கள். வெயில் ஏறுவதற்குள் எதிரிகள் வெள்ளைத் துணியைக் காட்டிவிட்டார்கள். கிடங்குக் கதவு உடைந்தது. சனங்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே ஓடிவந்தார்கள்.

கடைசிப் படகும் தாண்டிய பிறகு, பிளந்த மூங்கிலை அந்த மேட்டிலேயே குத்தி நிறுத்திவிட்டு, தொம்மை சொட்டச் சொட்டக் கரையேறினான். பாக்கியம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஏண்டா தம்பி, உன் ஊருக்கு நீதான் கடைசியா வரணுமா?" என்று செல்லமாகக் குட்டினாள். அவனுக்கு அது சுருக்கென்றது.

அதற்குள் கொடிக்காக வாய்த்தகராறு ஆரம்பித்திருந்தது.

"தீவை முதல்ல தொட்டது என் படகு. நான் ஓட்டாம அது தானா வந்துச்சா?" என்றார் மலைச்சாமி.

"படகுக்கு ஏதுய்யா கால்? முழங்கால் தண்ணியில முதல்ல ஊன்றினது என் கால்," என்றார் சேவுகன். காய்ந்த மணலுக்கு அவருக்கு முன்னால் ஓடியவர்கள்கூட, "அது சரிதான்," என்றார்கள்.

"எனக்கும் பங்கு இருக்கு," என்றான் தொம்மை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"தம்பி, உன் தைரியம் யாருக்கும் வராது," என்று சேவுகன் அவன் தோளில் தட்டினார். "ஆனா நீ நின்னது கடல்லடா."

தளபதி கடலைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் முதல்ல சாப்பிடுங்க. மத்தியானம் கடல் வத்தட்டும், சொல்றேன்," என்றார்.

நீங்களே சொல்லுங்கள். அந்தக் கொடி யார் கையில் சேர வேண்டும்?

விடை: தொம்மையின் கையில். மத்தியானம் கடல் உள்வாங்கியது. தண்ணீருக்குள் கிடந்த மணல்மேடு கரையோடு கரையாக வெளியே வந்தது. அதன் நடுவில் அந்தப் பிளந்த மூங்கில் நின்றது, கிடங்கிலிருந்து வந்த பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பந்து விளையாடிய இடம் என்று தொம்மை முதலிலேயே சொன்னானே, யார் காதில் வாங்கினோம்? சேவுகன் ஊன்றியதும் தண்ணீருக்கு அடியில் இருந்த மணலில்தான். முழங்கால் தண்ணீர் செல்லுமென்றால் கழுத்துத் தண்ணீரும் செல்லும். முதல் படகு வருவதற்கு முன்பே தொம்மை தன் தீவில் நின்றுகொண்டிருந்தான். கணக்குப் புரிந்ததும் முதலில் கைதட்டியவர் சேவுகன்தான். அவரும் மலைச்சாமியும் தொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மேட்டுக்கு நடந்தார்கள். அந்த மூங்கிலிலேயே அவன் கொடியை ஏற்றினான். "முதல் ஆளா வந்தவன் என் தம்பி!" என்று பாக்கியம் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். சாயங்காலம் கடல் மறுபடி பெருகி மேட்டை மூடியது. தண்ணீருக்கு மேலே கொடி மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.